எந்த ஆண்டுக்குத் திரும்புவது? பழைய கேஸர் கார்களும் அவற்றை மீண்டும் ஓடவைப்பவர்களும்

ஐம்பது ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த அமெரிக்கப் பந்தயக் கார் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் என்ஜினைத் திறக்கமாட்டார். கதவுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்காருவார். ஒரு வாளித் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, மிக மெல்லிய வாட்டர் பேப்பர். கையை அழுத்தாமல் ஒரே திசையில் தேய்ப்பார். மேலிருக்கும் நீலம் பாலாகக் கரைந்து வழியும். அடியிலிருந்து சிவப்பு தலைகாட்டும். அந்தச் சிவப்பின் மேல், எப்போதோ ஒரு விளம்பரப் பலகை ஓவியர் தூரிகையால் எழுதிய எழுத்தின் வால் தெரியும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் நாலு தேய்ப்பு தேய்த்தால் எழுத்தும் வாளிக்குள் போய்விடும்.

கார் யாருடையது, எந்த வகுப்பில் ஓடியது, எந்த ஊர்க் கடைக்காரர் அதற்குப் பணம் போட்டார் என்பதற்கெல்லாம் பல நேரங்களில் அந்த எழுத்துத்தான் சாட்சி. ஆனால் அந்தச் சிவப்புக்கு அடியிலும் ஒரு நிறம் இருக்கும். அதிலும் ஒரு பெயர் இருக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இவை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பிரித்துப் போடப்பட்டு, வசந்தத்தில் கிட்டத்தட்ட வேறு காராக வெளியே வந்தவை. ஒருவர் இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப்போவதாகச் சொன்னால், எந்தப் பழைய நிலை என்று கேட்காமல் இருக்க முடியாது.

கேஸர் என்றதும் நமக்குச் சமையலறைச் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் பெட்ரோலை கேஸ் என்பார்கள். பெட்ரோலில் ஓடும் பந்தயக் கார் என்பதால் கேஸர். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, கார் என்றால் பெட்ரோலில்தானே ஓடும் என்று தோன்றலாம். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில் இரண்டிரண்டு கார்களாக மோதும் டிராக் பந்தயத்தில் அப்போது பெட்ரோலைவிட வீரியமான மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் தாராளமாகப் புழங்கின. வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம், சுருக்கமாக என்எச்ஆர்ஏ, 1957-இல் நைட்ரோவுக்குத் தடை போட்டது. 1963 வரை அந்தத் தடை நீடித்தது. அந்த ஆண்டுகளில் சங்கத்தின் பந்தயங்களில் பெட்ரோல் கார்கள்தான் கூட்டத்தை இழுத்தன. கேஸர்களின் பொற்காலம் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்தத் தடையின் கைங்கரியம்.

வகுப்பு பிரிக்கும் முறை எளிது. காரின் எடையை பவுண்டில் எடுத்து, என்ஜினின் கொள்ளளவை கன அங்குலத்தில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். 2,400 பவுண்டு எடையுள்ள காரில் 400 கன அங்குல என்ஜின் இருந்தால் விடை 6. விடை குறையக் குறைய மேல் வகுப்பு: ஏ, பி, சி என்று இறங்கிக்கொண்டே போகும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களுக்குத் தனி வரிசை. ஏ/ஜிஎஸ் என்றால் அந்த வரிசையின் தலைமகன். வகுப்பையும் எண்ணையும் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதுவார்கள். பந்தயம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஜெயிக்க வேண்டுமானால் எலும்பும் தோலுமான கார் வேண்டும், அதற்குள் யானைப் பலமுள்ள என்ஜின் வேண்டும். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் வந்த வில்லிஸ் கார்கள் இப்படித்தான் தேர்வாயின. ஒஹையோ மாநிலம் டொலீடோவின் வில்லிஸ்-ஓவர்லேண்ட் நிறுவனம் செய்த மலிவான சின்னக் கார்கள் இவை. நான்கு சிலிண்டர் என்ஜினோடு வந்தவை. புதிதாக இருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே நிறுவனம் போர்க்காலத்தில் ஜீப் செய்து பெயர் வாங்கியது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய மஹிந்திரா ஜீப்பின் பூர்வீகமும் அந்த வில்லிஸ்தான். பிரிட்டனிலிருந்து வந்த ஆங்கிலியா, அமெரிக்காவின் ஹென்றி ஜே, 1955 செவர்லே ஆகியவையும் இந்த வேலைக்குப் பயன்பட்டன. இவற்றை வாங்கியவர்கள் அழகு பார்த்து வாங்கவில்லை, தராசு பார்த்து வாங்கினார்கள். அழகு என்று நாம் இன்று சொல்வது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

கேஸரைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் தூக்கிய மூக்கு. முன்பக்கம் எழும்பி நிற்கும். பின்பக்கம் பெரிய டயர்கள் மேல் குந்தியிருக்கும். பாயத் தயாராகும் பூனை என்பார்கள். எனக்கு எதையோ மோப்பம் பிடிக்கும் நாயைப் போலத்தான் தெரிகிறது. இந்த வடிவத்துக்குக் காரணம் டயர். 1950களின் பந்தய டயர்கள் இறுகியவை, பிடிப்பு குறைந்தவை. நானூறு குதிரைத்திறனைச் சக்கரத்துக்கு அனுப்பினால் கார் நகராமல் புகைதான் வரும். சக்கரம் வழுக்காமலிருக்க அதன் மேல் பாரம் ஏற வேண்டும். கார் சீறிக் கிளம்பும்போது பாரம் இயல்பாகவே பின்னால் சாயும். பஸ் கிளம்பும்போது நின்றிருப்பவர்கள் பின்னால் சாய்வதைப் போல. எவ்வளவு சாயும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமும் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1,000 கிலோ, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு முடுக்கத்தோடு அது பாய்ந்தால் 192 கிலோ முன்னாலிருந்து பின்னால் இடம் மாறுகிறது. ஈர்ப்பு மையத்தை 75 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் அது 240 கிலோ ஆகும். சும்மா உயர்த்தியதற்கே 48 கிலோ லாபம். நூலிழையில் ஜெயிப்பவர்களுக்கு அது பெரிய தொகை. அதனால்தான் சங்கம் குறுக்கே வந்து, என்ஜினின் அடியில் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. என்ஜினைப் பின்னால் தள்ளுவதற்கும் வரம்பு வைத்தது: முன்சக்கர அச்சிலிருந்து முதல் ஸ்பார்க் பிளக் வரையிலான தூரம் சக்கர இடைவெளியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டு எண்களுக்குள் எவ்வளவு திருட முடியுமோ அவ்வளவையும் திருடியதன் உருவம்தான் கேஸர். பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோனதும் இதே கணக்கில்தான். அதுவும் சாதாரண பேட்டரி போதாது என்று லாரி பேட்டரியை வைத்தவர்கள் உண்டு.

ஆனால் கணக்கை மீறிய ஒன்றும் இதில் இருக்கிறது. மூக்கை மட்டும் தூக்கினால் ஈர்ப்பு மையம் கொஞ்சம்தான் ஏறும். ஜெயித்த கார் மூக்கைத் தூக்கியிருந்தது என்பதற்காகவே பலர் தூக்கினார்கள். பாதி இயற்பியல், பாதி மோகம். மணிக்கு 150 மைல் வேகத்தில் அந்தத் தூக்கிய மூக்கின் அடியில் காற்று புகுந்து முன்சக்கரங்களை இன்னும் லேசாக்கும் என்பதை ஓட்டியவர்களின் உள்ளங்கைகள்தான் முதலில் உணர்ந்தன.

ஆட்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஃப்ரெட் ஸ்டோன், டிம் வுட்ஸ் என்ற இரு கறுப்பினத்தவர் முதலாளிகளாக இருக்க, டக் குக் என்ற வெள்ளையர் ஓட்டினார். ஸ்டோன், வுட்ஸ் அண்ட் குக் என்று மூன்று பெயரும் காரின் பக்கவாட்டில் சேர்ந்தே நின்றன. அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்த 1964-க்கு முன்பே. அவர்களுக்கு எதிரில் பிக் ஜான் மஸ்மேனியனின் மிட்டாய்ச் சிவப்பு நிற 1941 வில்லிஸ். என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டைத் தயாரித்த எட் இஸ்கெண்டரியன், ஜாக் எங்கிள் போன்றவர்கள், தங்கள் கேம் பொருத்திய கார் ஜெயித்ததாகவும் எதிரியின் கார் தலைதெறிக்க ஓடியதாகவும் பந்தயப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தார்கள். கேஸர் போர் என்று இன்று சொல்லப்படுவதில் பாதி அச்சகத்தில் நடந்தது.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்ற கேள்விக்கு நல்ல உதாரணம் ஒஹையோ மாநில டேட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் மாண்ட்கோமரி. ஒஹையோ ஜார்ஜ் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். அவருடைய 1933 வில்லிஸில் முதலில் காடிலாக் என்ஜின் இருந்தது. அடுத்து செவர்லே வந்தது. 1960களின் நடுவில் ஃபோர்டின் 427 கன அங்குல ஓவர்ஹெட் கேம் என்ஜின் வந்தது. கூடு ஒன்றுதான், கார்கள் மூன்று. இப்படிப்பட்ட காரைப் புதுப்பிக்கும் எவரும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த கணமே மற்ற இரண்டையும் இழக்கிறார்.

1967-இல் அதே ஒஹையோ ஜார்ஜ் வில்லிஸை ஓரங்கட்டிவிட்டு மஸ்டாங் உடலில் தாழ்வான கார் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். டயர்கள் மேம்பட்டுவிட்டன, மென்மையான ரப்பர் பாதையைக் கவ்விப் பிடித்தது. தூக்கிய மூக்குக்கு இருந்த நியாயம் போய்விட்டது. ஃபைபர் உடலை மேலே திறந்து மூடும் ஃபன்னி கார்கள் 1966 முதல் வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டன. 1970-இல் புரோ ஸ்டாக் வகுப்பு வந்தது. கேஸர்கள் கேட்பாரற்றுப் போயின. என்ஜினும் சூப்பர்சார்ஜரும் விலைபோகும் என்பதால் அவற்றை முதலில் கழற்றி விற்றார்கள். வெறுங்கூடு மாட்டுக்கொட்டகைக்குப் போனது, இல்லையென்றால் யாராவது மகனுக்குச் சாலைக் காராக மாறியது.

ஆகவே இன்று கிடைப்பது பெரும்பாலும் என்ஜின் இல்லாத கூடு. அது நிஜமாகவே பந்தயத்தில் ஓடியதா, இல்லை எவரோ ஒரு வீட்டுக்காரர் ஆசைக்கு மூக்கைத் தூக்கியதா என்று கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. இங்கே அந்தப் பழைய விதிகள் கைகொடுக்கின்றன. என்ஜின் தாங்கிகள் வெல்டிங் செய்யப்பட்ட இடத்தை வைத்து முதல் ஸ்பார்க் பிளக் எங்கே இருந்திருக்கும் என்று அளக்கலாம். சக்கர இடைவெளி 100 அங்குலம் என்றால், என்ஜின் பத்து அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று வந்தால் மகிழ்ச்சி. விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டியவர் கை அது. பதினெட்டு என்று வந்தால் அது கேஸரே அல்ல, ஆல்டர்டு எனப்படும் வேறு வகுப்பின் கார். என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தகட்டில் காரணம் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றை அடைத்துப் பூசிவிடத் தோன்றும், அவசரப்படக்கூடாது. பழைய புகைப்படம் கிடைக்கும்போது, எரிபொருள் குழாய் நுழைந்த இடமும் பிரஷர் கேஜ் நின்ற இடமும் அந்தத் துளைகளோடு பொருந்தினால், அதைவிட வலுவான சான்று வேறில்லை.

பாதுகாப்பு என்று வரும்போது பழமைப் பாசம் முட்டி நிற்கும் இடம் முன் ஆக்சில். லாரிகளில் பார்ப்போமே, அதே போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இரும்புத் துண்டு, அதைத் தாங்க அடுக்குப் பட்டை ஸ்பிரிங். 1955 செவர்லேயில் கம்பெனி கொடுத்த தனித்தனிச் சக்கரத் தாங்கிகளை வெட்டி எறிந்துவிட்டு இதைப் பொருத்தினார்கள். பெரும்பாலும் பழைய வேனிலோ டிரக்கிலோ இருந்து கழற்றியது. இது சரியாக அமைந்தால் அம்பு போல ஓடும். சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு சில பாகை பிசகினாலோ, ஸ்டீயரிங் கம்பி ஆக்சிலின் அசைவுக்கு ஒத்துப்போகாமல் இருந்தாலோ, ஒரு சின்னக் குழியில் தொடங்கும் நடுக்கம் இரண்டு விநாடியில் ஓட்டுநரின் மணிக்கட்டை உலுக்கி எடுத்துவிடும். அந்தக் காலத்தில் இதைத் தோட்டத்து வெல்டிங்கில் செய்தவர்கள் ஏராளம். தடித்த வெல்டிங் மேட்டைப் பார்த்தால் பலமாகத் தெரியும். அரைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு. அதனால் சக்கரம் மாட்டும் முனையான ஸ்பிண்டிலையும் ஆக்சிலையும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புகிறார்கள்: இரும்பைக் காந்தமாக்கி நுண்ணிய துகளைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் மேல் துகள்கள் மயிர்க்கோடாக வரிசை கட்டி நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் அசல் ஆக்சில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

மெக்னீசியச் சக்கரங்களின் கதையும் இதேதான். ஹாலிபிராண்ட் சக்கரங்கள் இருந்தால் காரின் மதிப்பே ஏறும். ஆனால் மெக்னீசியம் ஈரத்தில் அரிக்கும். அறுபது வயதில் வெளியே மினுக்கிக்கொண்டு உள்ளே வெடித்திருக்கும். சாயம் தடவி விரிசல் பார்ப்பார்கள். பெரும்பாலும் விடை அலமாரிதான்; பார்வைக்கு வைக்கலாம், ஓட்ட முடியாது.

என்ஜின் வேலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே ஒரு புத்தகமாகும். இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒன்று, என்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர். ஜிஎம்சி 6-71 என்று பெயர்; ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் கொண்ட ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினுக்காகச் செய்யப்பட்டது. அந்த டீசல் இரண்டு ஸ்ட்ரோக் வகை. புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே கொண்டுவர அதற்கு ஓர் ஊதி இல்லாமல் முடியாது. லாரி, பஸ், போர்க்காலப் படகு எல்லாவற்றிலும் ஓடியது. பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைத்த அந்த ஊதியைத் தூக்கிப் பெட்ரோல் என்ஜின் மேல் வைத்தவர்களின் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. உள்ளே இரண்டு அலுமினிய உருளைகள் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் சுழல வேண்டும். பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்தால் அந்த இடைவெளியில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். தெரியாமல் கையால் சுழற்றினால் உருளையின் மேல் வரி வரியாகக் கீறல் விழும். கீறல் வழியே காற்றழுத்தம் கசிந்து போகும். திருகாணிகளைக் கழற்றிப் பொடியைச் சுரண்டும் வரை அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

மற்றொன்று, கேம்ஷாஃப்ட். அந்தக் கால கேம்களின் மேல் உட்கார்ந்து அவற்றின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் டேப்பெட்டுகளின் அடிப்பகுதி தட்டை போலத் தெரிந்தாலும் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமின் முகடும் லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து டேப்பெட்டைச் சுழலவைக்கும். சுழலாமல் ஒரே இடத்தில் உரசினால் சில நிமிடங்களில் முகடு தேய்ந்து மொட்டையாகிவிடும். பழைய எண்ணெய்களில் இதைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு இருந்தது. புகைவடிகட்டிகளைக் கெடுக்கிறது என்று பிற்காலத்தில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் புதுப்பித்த என்ஜினை முதன்முதலாக இயக்கும் நாள் கல்யாண முகூர்த்தம் போலப் பதற்றமானது. செவர்லே என்றால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளைக்குள் நீண்ட தண்டு ஒன்றை விட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுழற்றுவார்கள். டிரில் முதலில் லேசாக ஓடும். எண்ணெய் ஏறியதும் முனகும். ஒருவர் மேலே குனிந்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பதினாறிலும் எண்ணெய் கசிந்த பிறகுதான் சாவி. பற்றிக்கொண்ட நொடியே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். கேம் மேல் எண்ணெய் படுவது கிராங்க் தெறிக்கும் தெறிப்பில்தான். மெதுவாக ஓடவிட்டால் தெறிப்பு இருக்காது. காது கிழியும் அந்த இருபது நிமிடத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாரும் ஆயில் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஓடவைத்த காரைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோனால் இன்றைய விதிகள் வாசலில் காத்திருக்கும். அக்காலத்துப் பாதுகாப்புக் கம்பிகளில் சில தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்தவை. கால் மைலை 9.99 விநாடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடும் கார் என்றால் சட்டகத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். கிளட்ச் வெடித்தால் துண்டுகள் ஓட்டுநரின் பாதத்தை வெட்டாமலிருக்கத் தரச்சான்று பெற்ற இரும்புக் கவசம் வேண்டும். பழைய காலத்தில் பாதம் இழந்தவர்களால் வந்த விதி அது. சீட் பெல்ட்டுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து இரண்டே ஆண்டு. இவற்றில் எதையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இவை அனைத்தையும் மாட்டிய பிறகு உள்ளே உட்கார்ந்து பார்த்தால், வெளியே 1963, உள்ளே சென்ற மாதம்.

சிலர் இதனால்தான் அசல் காரை ஓட்டுவதே இல்லை. அசலை அரங்கில் நிறுத்திவிட்டு, ஃபைபர் உடலில் ஒரு நகல் கட்டி ஓட்டுகிறார்கள். 1941 வில்லிஸின் ஃபைபர் நகல்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த நகல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பந்தயப் படங்களோடு ஒப்பிட்டால், இன்றைய நகல்களில் பலவற்றின் மூக்கு அசலைவிட உயரம். அன்று அரை அங்குலத்துக்கும் காரணம் தேடிய இடத்தில், இன்று அடையாளத்துக்காக நாலு அங்குலம் தூக்குகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது; ரசிகர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஃபமோசோ பாதையில் நடக்கும் பழங்காலக் கார்களின் பந்தயங்களுக்கு, அசலையே கொண்டுவந்து ஓட்டும் பிடிவாதக்காரர்களும் வருகிறார்கள். அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. ஓடும்போது காலில் புதிய அலுமினியச் சக்கரமும் புதிய டயரும் இருக்கும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஜாக்கி போட்டு அவற்றைக் கழற்றிவிட்டு, வேனிலிருந்து போர்வை சுற்றிய நான்கு பொட்டலங்களை இறக்குவார்கள். மெக்னீசியச் சக்கரங்களை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் முடுக்கி, ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகுதான் புகைப்படக்காரர்களைக் கூப்பிடுவார்கள்.